பால் வாட்சன்: கப்பலை மோதினவர், கடைசியில் உள்ளே போனது ஒரு நாற்றப் பாட்டிலுக்காக

உப்புக்காற்று:

இந்த ஆளைப் பற்றி ஒரு இழை தொடங்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைக்கிறேன். உட்கார்ந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாமல் எழுந்து போய்விடுவேன். சரி, இன்றைக்குக் கடைசியிலிருந்து ஆரம்பித்துவிடலாம்.

2024 ஜூலை 21, கிரீன்லாந்தின் நூக் துறைமுகம். எண்ணெய் போட ஒரு கப்பல் வந்து கட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஏறுகிறது, கப்பலை ஓட்டும் மேல்தட்டில் இருந்த வெள்ளைத் தாடிக்காரர் கையில் விலங்கு மாட்டிக் கீழே இறக்கிக் கொண்டுபோகிறது. பால் வாட்சன், கனடாக்காரர், வயது 73. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆரம்ப கால ஆட்களில் ஒருவர், 1977-ல் தனியே வந்து கடல் உயிர்களைக் காக்க சீ ஷெப்பர்ட் அமைப்பைக் கட்டியவர். பிடிக்கச் சொன்னது ஜப்பான். குற்றம் நடந்ததாகச் சொல்வது 2010-ல், அண்டார்டிக் கடலில்: ஜப்பானிய வேட்டைக் கூட்டத்தின் கப்பல் மேல் நாற்ற அமிலப் பாட்டில் எறிந்ததில் ஒரு மாலுமிக்கு முகத்தில் காயம். எறிந்ததுகூட இவர் இல்லை. அப்போது இவர் வேறு கப்பலில் கேப்டன்.

இதே ஆள் 1979-ல் என்ன செய்தார் தெரியுமா? சியரா என்று ஒரு திருட்டுத் திமிங்கல வேட்டைக் கப்பல். எந்த நாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் அட்லாண்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. வாட்சன் ஒரு பழைய இழுவைப்படகை வாங்கி, முகப்புக்குள்ளே கான்கிரீட் கொட்டி உறுதியாக்கி, போர்ச்சுகல் கரைப்பக்கம் அதைத் தேடிப் பிடித்து, விலாவில் மோதினார். மோதும்போது இவரோடு இரண்டே பேர், மற்றவர்களை எல்லாம் முன்னாடியே கரையில் இறக்கிவிட்டிருந்தார். அப்புறம் தன் கப்பலே சியராவின் முதலாளிக்கு நஷ்டஈடாகப் போகப்போகிறது என்று தெரிந்ததும், அந்த வருடத்தின் கடைசி நாளன்று அதைத் துறைமுகத்திலேயே மூழ்கடித்தார். சியராவும் 1980 பிப்ரவரியில் லிஸ்பனில் வெடிவைத்து மூழ்கடிக்கப்பட்டது.

1986-ல் ஐஸ்லாந்து. ரெய்க்யாவிக் துறைமுகத்தில் நின்ற இரண்டு வேட்டைக் கப்பல்களை இவர் ஆட்கள் இருவர் ராத்திரியோடு ராத்திரியாக மூழ்கடித்தார்கள். நான் பதினாலு வருடம் இன்ஜின் ரூமில் கழித்தவன், அதனால் இதைப் படித்தபோது வயிறு கலங்கியது. இன்ஜின் ரூம் தரைத்தகட்டைத் தூக்கினால் கீழே கடல்நீர் வால்வு இருக்கும், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கிற வழி. அதன் மூடியில் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் போதும், குண்டு எதுவும் வேண்டாம், கடலே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதாக ஒரு கப்பலும் அங்கே நின்றது. அதில் காவலாள் இருந்ததால் தொடவில்லை.

இதற்குத்தான் வருகிறேன். 1988 ஜனவரியில் வாட்சன் தானே விமானம் ஏறி ஐஸ்லாந்துக்குப் போனார். மூழ்கடித்தது என் அமைப்புதான், பொறுப்பு எனக்கு, வழக்குப் போடுங்கள் என்றார். அவர்கள் விசாரித்துவிட்டு, வழக்கே போடாமல், அடுத்த விமானத்தில் ஏற்றி நாடு கடத்திவிட்டார்கள்!

கோர்ட்டில் நிறுத்தினால் கூண்டில் இவர் மட்டும் நிற்கமாட்டார், திமிங்கல வேட்டையும் பக்கத்திலேயே நிற்கும். அதற்குத்தான் யாரும் தயாராக இல்லை என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கழுகுமலை:

அனிமல் பிளானட்டில் தொடராக வந்ததே, பனிக்கட்டிக்கு நடுவில் கப்பலும் கப்பலும் உரசிக்கொள்ளும், கறுப்புக் கொடியில் மண்டை ஓடு, அந்த ஆளா? நான் அது ஏதோ செட் போட்டு எடுத்தது என்றே நினைத்திருந்தேன். நம் ஊர்ப் பத்திரிகையில் திமிங்கலம் என்றாலே அம்பர்கிரிஸ் கடத்தல், நாலு பேர் கைது, இவ்வளவுதான் வரும்.

ஒரு சந்தேகம். ஆரம்பத்தில் இவர் ஏன் இப்படிக் கிளம்பினார்?

உப்புக்காற்று:

@கழுகுமலை, செட் இல்லை, நிஜம். கேமராவை எப்படிப் பயன்படுத்துவது என்று அவருக்கு நன்றாகவே தெரியும், அது வேறு விஷயம்.

ஆரம்பம் என்றால், நியூ பிரன்ஸ்விக்கில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சின்ன மீன்பிடி ஊரில் வளர்ந்தவர். பத்து வயதில் ஒரு குளத்தில் பீவர் குடும்பத்தோடு நீந்தி விளையாடியதாகவும், அடுத்த வருடம் போனால் தோலுக்காகப் பொறி வைத்து எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள் என்றும், அன்றிலிருந்து பொறிகளைத் தேடித் தேடி உடைக்க ஆரம்பித்ததாகவும் அவரே சொல்வார். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாகக்கூட இருக்கலாம். ஆனால் 1975-ல் நடந்ததற்குச் சாட்சி உண்டு. கலிபோர்னியாவுக்கு அப்பால் சோவியத் வேட்டைக் கப்பலுக்கும் எண்ணெய்த் திமிங்கலக் கூட்டத்துக்கும் நடுவில் ரப்பர் படகில் போய் நின்றார்கள். ஈட்டி இவர்கள் தலைக்கு மேலே பறந்தது. அடிபட்ட ஒரு திமிங்கலம் படகுக்கு மேலே எழும்பி, அவர்கள் மேல் விழாமல் ஒதுங்கிச் சரிந்தது என்றும், அதன் கண்ணைத் தான் அருகில் பார்த்தது என்றும் ஐம்பது வருடமாகச் சொல்லி வருகிறார்.

1977-ல் சீல் குட்டிகளைக் கொல்லும் பனிப்பரப்புக்குப் போனார். தோல்களைக் கப்பலுக்கு இழுக்கும் கம்பிவடத்தோடு தன்னை விலங்கு மாட்டிக்கொண்டார். அப்படியே பனித்தண்ணீரில் போட்டு இழுத்தார்கள். வேட்டைக்காரன் கையில் இருந்த தடியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார் என்பதற்காக கிரீன்பீஸ் நிர்வாகக் குழு இவரை வெளியே அனுப்பியது. ஓட்டு 11-க்கு 1. அந்த ஒன்று இவர் போட்டது.

ஃபியோர்ட்வாசி:

வணக்கம். நான் நோர்வேயில் முப்பது வருடத்துக்கு மேல். வாட்சன் பேரை இங்கே எடுத்தால் சனம் எப்படிப் பார்க்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்த இழை ஒரே பக்கமாகப் போகிறது.

நாங்கள் வந்த காலத்தில் எங்கட ஆட்கள் கனபேர் வடக்கே மீன் தொழிற்சாலைகளில்தான் வேலை. நானும் மூன்று வருடம் கொட் மீன் வெட்டினேன். ரப்பர் ஏப்ரன், இரண்டு கையுறை, அதற்கும் மேலாலே விரல் விறைக்கும். ஒருநாள் கூட வேலை செய்த கிழவர் ஒருத்தர் ஒரு கட்டி திமிங்கல இறைச்சி தந்தார். வால்பிஃப் என்பார்கள். மாட்டிறைச்சியைவிடக் கறுத்த சிவப்பு, ஈரல் நிறம். வீட்டில் யாழ்ப்பாணத் தூள் போட்டுக் கறி வைத்தார்கள். வெந்த பிறகு மாடு மாதிரியும் இருந்தது, கடைசியில் ஒரு மீனெண்ணெய் வாசம் தொண்டையில் நின்றது. பிறகு நாங்கள் வாங்கவில்லை. ஆனால் அந்தக் கிழவருக்கு அது குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை, சாப்பாடு.

1992 கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் லோஃபோத்தனில் நிப்ரேனா என்ற சின்ன வேட்டைப் படகை மூழ்கடிக்கப் பார்த்தார்கள், பொறுப்பு எடுத்தது வாட்சன். அது கம்பனிக் கப்பல் இல்லை, குடும்பப் படகு. 1994-ல் இங்கத்தைக் கோர்ட் அவர் இல்லாமலே விசாரித்து 120 நாள் தண்டனை கொடுத்தது. அதே வருடம் அவருடைய கப்பலும் நோர்வே கரையோரக் காவல் கப்பலும் மோதிக்கொண்டன. ஆகவே உப்புக்காற்று சொல்வது போல யாருமே வழக்குப் போடவில்லை என்பது சரியில்லை. நோர்வே போட்டது. ஆள்தான் கிடைக்கவில்லை.

இன்னொன்று. நோர்வே ஒளித்துப் பிடிப்பதும் இல்லை. சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டைக்குப் போட்ட தடைக்கு முறைப்படி ஆட்சேபம் தெரிவித்துவிட்டு, 1993-லிருந்து வணிக வேட்டை என்றே சொல்லிப் பிடிக்கிறார்கள். ஜப்பான் மாதிரி ஆராய்ச்சி என்று கதை விடுவதில்லை. இப்போது ஒதுக்கீடு ஆயிரத்துக்கு மேலே, பிடிபடுவது அதில் பாதியளவோ குறைவோதான், ஏனென்றால் இளசுகள் சாப்பிடுவதில்லை. வாட்சனால் குறையவில்லை, பீட்சாவால் குறைந்தது.

வைகைக்கரை வக்கீல்:

ஃபியோர்ட்வாசி அண்ணா சொன்ன நோர்வே வழக்கின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் சட்டக்காரனுக்குச் சுவையான பாதி. 1997 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் நோர்வேயின் பிடியாணையில் வாட்சனைப் பிடித்தார்கள். 80 நாள் உள்ளே. கடைசியில் டச்சுக் கோர்ட் நோர்வேக்கு ஒப்படைக்க மறுத்துவிட்டது. தண்டனை 120 நாள், உள்ளே இருந்தது 80 நாள், ஆனால் தண்டனை கொடுத்த நாட்டுக்குப் போகவே இல்லை! இந்த மாதிரி இவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. தீர்ப்பால் இருந்த சிறையைவிட, ஒப்படைப்பதா வேண்டாமா என்ற யோசனையால் இருந்த சிறைதான் அதிகம்.

இவருடைய சட்ட வாதம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. 1982-ல் ஐ.நா. பொதுச்சபை இயற்கைக்கான உலகச் சாசனம் என்று ஒரு தீர்மானம் போட்டது, ஆதரவு 111, எதிர்ப்பு அமெரிக்கா மட்டும். எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத இடங்களில் இயற்கையைக் காப்பது நாடுகளுக்கு மட்டுமல்ல, தங்களால் முடிந்த அளவில் அமைப்புகளுக்கும் தனிமனிதர்களுக்கும் கடமை என்ற பொருளில் அதில் வாசகம் உண்டு. வாட்சன் இதைத் தன் போலீஸ் பேட்ஜாக எடுத்துக்கொண்டார். வக்கீலாகச் சொன்னால் இது நொண்டி வாதம். பொதுச்சபைத் தீர்மானம் நாடுகளையே கட்டுப்படுத்தாது, ஒரு தனியாளுக்குக் கப்பலை மோதும் அதிகாரத்தை எங்கிருந்து தரும்?

ஆனால் ஒரு தடவை வேலை செய்தது. 1993-ல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், கனடாவின் 200 மைல் எல்லைக்கு வெளியே, கியூபா, ஸ்பெயின் இழுவைக் கப்பல்களை விரட்டினார். காட் மீன் அடியோடு அழிந்து, முந்தைய வருடம்தான் கனடா மீன்பிடிக்கே தடை போட்டிருந்தது. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய பிரிவுகளில் இவர் மேல் வழக்கு. வழக்கு நடந்த ஊர் செயின்ட் ஜான்ஸ். சீல் வேட்டையை எதிர்த்ததற்காக இவரை ஜென்ம விரோதியாகப் பார்த்த ஊர் அது. 1995-ல் அந்த ஊர் ஜூரியே பெரிய குற்றச்சாட்டுகளில் விடுதலை என்றது, சில்லறைப் பிரிவு ஒன்றில் மட்டும் கொஞ்ச நாள் தண்டனை. அதற்குச் சில மாதம் முன்பு, அதே வருடம் மார்ச்சில், கனடா அரசே எஸ்டாய் என்ற ஸ்பெயின் கப்பலைச் சர்வதேசக் கடலில் துப்பாக்கியால் சுட்டு மிரட்டிப் பிடித்து வந்து மார்தட்டிக்கொண்டது. அமைச்சர் செய்தால் தேசபக்தி, வாட்சன் செய்தால் குற்றமா என்று ஜூரி யோசித்திருக்கலாம். இது என் ஊகம், தீர்ப்பில் கிடையாது.

கயல்:

எல்லோரும் ஹீரோ ஆக்குவதற்கு முன்னால் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். நான் சைவம், வீட்டில் ஆறு தெருநாய் வளர்க்கிறேன், என்னை மிருக விரோதி என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

வாஷிங்டன் மாநிலத்தில் மகா என்று ஒரு பூர்வகுடி. திமிங்கலம் பிடிக்கும் உரிமையை 1855 ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். எழுபது வருடம் கழித்து 1999-ல் ஒரே ஒரு சாம்பல் திமிங்கலத்தைப் பிடித்தார்கள். அதையும் எதிர்த்து வாட்சனின் அமைப்பு அங்கே போய் நின்றது. சோவியத் கப்பற்படை மாதிரி ஒரு தொழிலும், ஒரு சின்ன இனம் தன் சடங்கை மீட்டெடுப்பதும் ஒன்றா? அவருக்கு ஒன்றுதான். திமிங்கலத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஈட்டி ஈட்டிதான் என்பார். சரி, அது நேர்மையான பதில். ஆனால் யாரோ ஒருவர் வெளியிலிருந்து வந்து உன் பண்பாடு கொடுமை என்று சொல்லும்போது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 2014 மே மாதம் விலங்கு நல வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது இதே இடத்தில் என்ன பேச்சுப் பேசினோம்? 2017-ல் மெரினாவில் நின்றவர்களில் பாதிப்பேர் இன்று இங்கே வாட்சனுக்கு விசில் அடிக்கிறீர்கள்.

கழுகுமலை:

மெரினாவில் நின்றவன் நானும்தான். மாட்டை யாரும் வெட்டிப் பெட்டியில் அடைக்கவில்லையே அம்மா? ஒப்பிடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? 2023-ல் அரசியல் சாசன அமர்வே தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டதே.

நெறியாளர்:

ஜல்லிக்கட்டுக்குத் தனி இழை இருக்கிறது, நாற்பது பக்கம் ஓடியிருக்கிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே கடலோடு நிற்கலாம்.

உப்புக்காற்று:

நெறியாளர் வெட்டினாலும் கயல் கேட்டதில் ஒரு பாதிக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். மகா விஷயத்தில் எனக்கும் வாட்சன் மேல் உடன்பாடு இல்லை. எண்ணிக்கையில் ஒன்று, இரண்டு என்று பிடிப்பவர்களிடம் காட்டிய வேகத்தைப் பெரிய கம்பெனிகளோடு நிறுத்தியிருக்கலாம். ஃபியோர்ட்வாசி அண்ணன் சொன்ன குடும்பப் படகும் அப்படித்தான். வழக்கு விஷயத்தில் அவர் திருத்தியதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது 2010-க்கு வருவோம், ஏனென்றால் நூக் கைது அதிலிருந்துதான் முளைத்தது.

அந்த சீசனில் இவர்களிடம் ஆடி கில் என்று ஒரு மூன்று உடல் வேகப்படகு இருந்தது. 2008-ல் வேறு பெயரில் 61 நாளுக்குள் உலகத்தைச் சுற்றிச் சாதனை செய்த படகு. 2010 ஜனவரி 6 அன்று ஜப்பானிய வேட்டைக் கூட்டத்தின் காவல் கப்பலான ஷோனான் மாரு 2 அதன் மூக்கை அறுத்துக்கொண்டு போனது. வீடியோவில் பார்த்தால் ரொட்டித் துண்டை வெட்டின மாதிரி இருக்கும். ஒருவருக்கு விலா எலும்பு முறிவு. நியூசிலாந்து விசாரணையில் தவறு இரண்டு பக்கமும் என்று சொன்னார்கள். கடல்காரனாக நான் அதை ஒத்துக்கொள்வேன், நிற்கிற படகும் தப்பிக்க வழி பார்த்திருக்க வேண்டும், வருகிற கப்பலும் திருப்பியிருக்க வேண்டும்.

அந்தப் படகின் கேப்டன் பீட் பெத்யூன், நியூசிலாந்துக்காரர். அடுத்த மாதம் ஜெட்ஸ்கியில் போய் ராத்திரியில் ஷோனான் மாரு மேல் ஏறினார். எதற்கு? அதன் கேப்டனைத் தான் கைது செய்வதாக அறிவித்து, உடைந்த படகுக்கு 30 லட்சம் டாலர் பில்லைக் கையில் கொடுக்க! அவர்கள் இவரையே பிடித்து டோக்கியோ கொண்டுபோனார்கள். ஜூலையில் இரண்டு வருடத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டது. அவர் அங்கே விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துத்தான் பாட்டில் எறிந்ததற்கு உடந்தை, உத்தரவு போட்டவர் என்று வாட்சன் மேல் பிடியாணை. பிறகு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, அது தனிக் கதை.

அந்தப் பாட்டிலில் இருந்த சரக்கு பியூட்ரிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் வருகிறதே, அதேதான். ஒரு பாட்டில் உடைந்தால் டெக்கில் நாலைந்து நாள் நிற்க முடியாது, மேலே இருக்கும் இறைச்சியும் விலை போகாது, அதுதான் திட்டம். கண்ணில், தோலில் பட்டால் எரியும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதற்கு, எந்த நாட்டில் கண்டாலும் பிடிக்கச் சொல்லும் இன்டர்போல் சிவப்பு அறிவிப்பா?

மணப்பாடு பிச்சை:

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறவன், இன்றைக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது.

2016 ஜனவரியில் எங்கள் பக்கம் திருச்செந்தூர் மணப்பாடு கரையில் கூட்டமாகத் திமிங்கலம் ஒதுங்கியது ஞாபகம் இருக்கும். எண்பதுக்கு மேல். கறுப்பாக, உருண்டைத் தலை, பெரிசு பெரிசாக. ராத்திரியோடு நாங்கள் இறங்கித் தள்ளினோம், வள்ளத்தில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டோம். விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் கரைக்கே வருகிறது. ஒன்று மணலில் கிடந்தால் மற்றது போகாது. தோல் மேல் கை வைத்தால் நனைந்த டயர் மாதிரி, ஆனால் சூடு. மூச்சு விடும்போது ஒரு சத்தம், ஆள் பெருமூச்சு விடுகிற மாதிரி. விடிந்து வெயில் ஏறினதும் ஒவ்வொன்றாக அடங்கியது. நாற்பதுக்கு மேல் செத்தது, குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973-லும் இதே கரையில் 147 ஒதுங்கியது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

நாங்கள் மீன் பிடித்துத் தின்கிறவர்கள், எங்களுக்கு வலையில் விழுந்தது எல்லாம் பிழைப்பு. ஆனால் அன்றைக்கு எவனும் அதைக் கறியாகப் பார்க்கவில்லை. வாட்சன் அந்தக் கண்ணைப் பார்த்தேன் என்று சொன்னதை நான் நம்புகிறேன். கப்பலை மோதுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நடுக்கடலில் மோதினால் எவன் தூக்குவான்?

வைகைக்கரை வக்கீல்:

பிச்சை அண்ணன் கேட்ட கடைசிக் கேள்விதான் அமெரிக்கக் கோர்ட்டிலும் வந்தது. ஜப்பானின் திமிங்கல ஆராய்ச்சி நிறுவனம் சியாட்டிலில் வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட் தடை உத்தரவு தர மறுத்தது. ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 டிசம்பரில் 500 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்றது, 2013 பிப்ரவரியில் நீதிபதி கோசின்ஸ்கி தீர்ப்பில் நேராகவே இவர்கள் கடற்கொள்ளையர் என்று எழுதினார். மரக்காலும் கண்ணில் கறுப்புத் துணியும் இருந்தால்தான் கொள்ளையனா என்ற தோரணையில் ஆரம்பிக்கும் தீர்ப்பு அது.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை 101-ஆம் பிரிவில், சொந்த நோக்கத்துக்காகச் செய்யும் வன்முறைதான் கடற்கொள்ளை. பணம் பறிக்காதவனுக்கு என்ன சொந்த நோக்கம் என்பது வாட்சன் தரப்பு. அரசு சார்பில் செய்யாதது எல்லாம் சொந்த நோக்கம்தான் என்றது கோர்ட். எனக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. கொள்ளையன் என்ற பட்டத்தைக் கடலில் தாராளமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் 2012-ல் பார்த்தோம். என்ரிகா லெக்சி கப்பலில் இருந்த இத்தாலிய வீரர்கள் கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொல்லி இரண்டு மீனவர்களைச் சுட்டார்கள், அதில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

அந்தத் தடையை மீறினதற்காக 2015-ல் அமெரிக்க சீ ஷெப்பர்ட் 25.5 லட்சம் டாலர் கட்டியது. அந்தத் தடை வந்த நேரத்தில் வாட்சன் எங்கே இருந்தார் என்பதும் ஒரு கூத்து. 2012 மே மாதம் ஃபிராங்ஃபர்ட்டில் கோஸ்டாரிகா கேட்டதன் பேரில் கைதானார். 2002-ல் குவாத்தமாலா கடலில் சுறாத் துடுப்பு வெட்டும் படகு ஒன்றை விரட்டின பழைய விவகாரம். இரண்டரை லட்சம் யூரோ ஜாமீன். ஜூலையில் ஜப்பானுக்கு ஒப்படைக்கப் போகிறார்கள் என்று நினைத்து ஜாமீனை உதறிவிட்டு ஜெர்மனியிலிருந்து கம்பி நீட்டினார், அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் கடலிலேயே. கோஸ்டாரிகா 2019-ல் வழக்கையே கைவிட்டது. ஜாமீன் மீறினது தப்புதான், நான் அவர் வக்கீலாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்.

கயல்:

சரி வக்கீல் சார், கொள்ளையன் என்று தீர்ப்பும் வாங்கியாச்சு, அபராதமும் கட்டியாச்சு. அப்படியானால் ஜெயித்தது ஜப்பானா?

வைகைக்கரை வக்கீல்:

அங்கேதான் 2014 மார்ச் 31 வருகிறது. ஹேக்கில் சர்வதேச நீதிமன்றம், ஆஸ்திரேலியா எதிர் ஜப்பான், 12-க்கு 4. பெரும்பான்மைப் பக்கம் நம் நீதிபதி தல்வீர் பண்டாரியும் இருந்தார். அண்டார்டிக்கில் ஜப்பான் கொடுத்த வேட்டை அனுமதி அறிவியல் ஆராய்ச்சிக்கானது ஆகாது, நிறுத்து என்றது கோர்ட். திட்டத்தில் வருடம் 850 மிங்கித் திமிங்கலம், 50 துடுப்புத் திமிங்கலம், 50 கூனல் திமிங்கலம் என்று போட்டிருந்தார்கள். 2005 முதல் சுமார் 3,600 மிங்கியைக் கொன்று, சக அறிஞர்கள் சரிபார்த்த கட்டுரை இரண்டைத்தான் காட்ட முடிந்தது. ஒரு கட்டுரைக்கு 1,800 திமிங்கலம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், திட்டமிட்ட எண்ணிக்கைக்கும் பிடித்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தது, அதற்கு ஒரு காரணமாக ஜப்பானே சொன்னது சீ ஷெப்பர்டின் இடையூறு. ஒரு கோர்ட்டில் கொள்ளையர், இன்னொரு கோர்ட்டில் அவர்களால் ஏற்பட்ட குறைவே ஜப்பானின் கணக்கு உதைக்கிறது என்பதற்குச் சாட்சியம். ஜப்பான் பிறகு வேறு பெயரில் ஒரு திட்டம் போட்டு இன்னும் சில வருடம் போனது, 2019-ல் திமிங்கல ஆணையத்தைவிட்டே விலகி, அண்டார்டிக்கை விட்டுவிட்டு, தன் கடலுக்குள் வணிக வேட்டை என்று வெளிப்படையாகத் தொடங்கியது.

உப்புக்காற்று:

தன் கடலுக்குள் என்பதில்தான் வாட்சனுக்குச் சந்தேகம். 2024-ல் ஜப்பான் காங்கேய் மாரு என்று, பிடித்த திமிங்கலத்தை ஏற்றி வெட்டிப் பதப்படுத்தும் புதுத் தாய்க்கப்பல் விட்டது, 113 மீட்டர் நீளம், செலவு சுமார் 750 கோடி யென். கரையோர வேட்டைக்கு இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு, திரும்பவும் தெற்கே போகத்தான் என்பது அவர் கணக்கு. அதை மறிக்கத்தான் கனடாவின் வடக்குப் பனிக்கடல் வழியாக பசிபிக் போகிற வழியில் நூக்கில் எண்ணெய் போட நின்றார். சீ ஷெப்பர்டின் அமெரிக்கக் கிளையோடு பிணக்காகி 2022-லேயே வெளியே வந்துவிட்டார், இது அவருடைய புது அமைப்பின் கப்பல்.

ஃபியோர்ட்வாசி:

அந்த ஐந்து மாதமும் இங்கே ரேடியோவில் வந்துகொண்டே இருந்தது. காவலை நீட்டுவதும் மேல்முறையீடு தள்ளுபடியாவதும், திரும்ப நீட்டுவதும். தங்களிடம் உள்ள வீடியோவைப் பார்க்கச் சொல்லி அவருடைய வக்கீல்கள் கேட்டார்கள், பாட்டில் விழுந்த நேரத்தில் அந்த மாலுமி அந்த இடத்திலேயே இல்லை என்பது அவர்கள் வாதம். நூக் கோர்ட் பார்க்கவில்லை. குற்றம் செய்தாரா என்பது ஜப்பான் கோர்ட்டின் வேலை, எங்கட வேலை தப்பி ஓடுவாரா என்று பார்ப்பது மட்டும் என்ற நிலை. ஜெர்மனியில் ஓடினதை அங்கே தூக்கிக் காட்டினார்கள். 74-ஆவது பிறந்தநாளும் உள்ளேதான். ஜன்னலால் பார்த்தால் பனிப்பாறையும் சில நேரம் திமிங்கலமும் தெரிகிறது என்று சொல்லி அனுப்பினார். அவர் மேல் எனக்குப் பெரிய பிரியம் இல்லை, ஆனாலும் அதைக் கேட்டு என்னவோ செய்தது.

கிரீன்லாந்து டென்மார்க்குக்குக் கீழே வருவதால் முடிவு அவர்கள் கையில், 2024 டிசம்பர் 17 டென்மார்க் நீதி அமைச்சகம் ஒப்படைக்க மாட்டோம் என்றது. 149 நாள். திமிங்கலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சம்பவம் நடந்து 14 வருடத்துக்கு மேல், காவலில் நீண்ட காலம் இருந்துவிட்டார், கிரீன்லாந்தில் இருந்த நாட்களை ஜப்பான் தண்டனையில் கழித்துக்கொள்ளும் என்று உறுதி கிடைக்கவில்லை. இவ்வளவுதான்.

வைகைக்கரை வக்கீல்:

அந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். நாள் கணக்கு! நமக்கெல்லாம் 428 என்று மனப்பாடம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், விசாரணைக் கைதியாக இருந்த நாளைத் தண்டனையில் கழிக்கிற பிரிவு. பிரான்ஸ் அதிபர் மக்ரோன் வரைக்கும் குரல் கொடுத்த ஒரு வழக்கு, கடைசியில் ஒரு குமாஸ்தா போடுகிற கழித்தலில் முடிந்தது. ஜப்பானுக்கும் டென்மார்க்குக்கும் ஒப்படைப்பு உடன்படிக்கையும் கிடையாது.

கழுகுமலை:

அப்போ இப்போ ஃப்ரீயா? எங்கே வேண்டுமானாலும் போகலாமா?

வைகைக்கரை வக்கீல்:

விட்டதும் பிரான்ஸ் போனார், குடும்பம் அங்கேதான். 2025 ஜூலையில் இன்டர்போலின் கோப்புகளைச் சரிபார்க்கும் ஆணையம் சிவப்பு அறிவிப்பை நீக்கிவிட்டது. ஆனால் ஜப்பானின் உள்நாட்டுப் பிடியாணை அப்படியேதான் இருக்கிறது, அதை இன்டர்போல் தொட முடியாது. ஜப்பான் தனியாகக் கேட்டால் கொடுக்கிற நாட்டில் போய் இறங்கினால் திரும்பவும் முதலிலிருந்து.

உப்புக்காற்று:

எண்ணெய் போடும் துறைமுகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவாக அந்தக் கணக்கு சீஃப் இன்ஜினியர் தலையில்தான் விழும், டேங்கில் எத்தனை டன் இருக்கிறது, அடுத்த பங்கர் எங்கே என்று. இந்தக் கப்பலில் கூடவே ஒரு வக்கீலையும் உட்கார வைத்துத்தான் பார்ப்பார்கள் போல.

மணப்பாடு பிச்சை:

தம்பி, மணப்பாட்டுக்கு வரச் சொல்லுங்கள். டீசலுக்கு நான் பொறுப்பு இல்லை, மீன் குழம்பும் சாப்பிட மாட்டாராமே, அவர் கப்பலில் எல்லோருக்கும் காய்கறிதானாம். சோறும் புளித்தண்ணியும் கொடுப்போம்.